ஜீப்பில் ஓரத்து இடம் கேட்டு நான் செய்த ஜெபம்

அப்பாவை அடக்கம் செய்து, துக்கம் கேட்க ஆட்கள் வருவதுகூட இன்னும் நிற்கவில்லை. அதற்குள் என்னை எங்கே கொண்டுபோய் விடுவது என்ற பேச்சு வீட்டில் ஆரம்பித்துவிட்டது. என்னை வைத்துக்கொண்டேதான் பேசினார்கள். நான் பேசுகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டேன். அதனால் எனக்குக் காது கேட்காது என்று பல பேருக்கு ஒரு நினைப்பு. எனக்கு நன்றாகவே கேட்கும். தேவைக்கு மேலேயே கேட்கும். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் இங்கே எனக்குப் பல் கூசும்.

பெரியப்பா, அப்பாவுக்கு மூத்தவர், அம்மாவிடம் சொன்னார்: "இந்தா பாரும்மா, அவன் இருந்த வரைக்கும் சரி. இனிமே இத நீ ஒத்தையில வச்சுக் காப்பாத்த முடியாது. ஜெப வீடு ஒண்ணு இருக்கு. இந்த மாதிரிப் பிள்ளைகள வச்சு உபவாசம் இருந்து ஜெபிக்கிறாங்க. விட்டுட்டா அவங்க பாத்துக்கிருவாங்க. கிறிஸ்துமசு வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள இது ஒரு சோலிக்குப் போயி உருப்படியா நின்னுச்சுன்னா சரி. இல்லேன்னா நான் வண்டி கொண்டாந்துருவேன்."

'இது' என்றார். எனக்குக் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருக்கிறது. நான் 'இது'. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த ஜெப வீட்டை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒரு விடுமுறையில் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரே கூடத்தில் அத்தனை பேர். விடிந்ததிலிருந்து ஒலிபெருக்கி. ஒரு அக்காவின் காலைத் தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டிருந்தார்கள். அவள் யாரையும் அடிக்கவில்லை, ஏசவில்லை. என்னை மாதிரியே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு தனக்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அங்கே என்னை விட்டால் நான் செத்துப்போவேன். பயத்தில் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தில் எனக்குச் சோறு இறங்காது, தூக்கம் வராது. சோறும் தூக்கமும் இல்லாமல் மனுஷி எத்தனை நாளைக்கு இருப்பாள்?

என் பெயர் சாராள். போடியில் நம் சபைக்கு வருகிற எல்லோருக்கும் என்னைத் தெரியும். வேறு ஊரிலிருந்து இந்தச் சபைப் பத்திரிகையை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு ஆட்டிசம். போன மாதம் பாஸ்டர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "நீ சுகமானத மைக்குல சாட்சியாச் சொல்லும்மா, நாலு பேருக்கு விசுவாசம் வளரும்" என்றார். மைக் கூவினால் எனக்குத் தலைக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும், எழுதித் தருகிறேன் என்றேன். அதோடு, நான் சுகமாகவில்லை என்றும் சொன்னேன். ஐயாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும், "சரி, உன் மனசுல உள்ளத எழுது" என்றார். நல்ல மனுஷன். அதனால் மனசில் உள்ளதைத்தான் எழுதுகிறேன். கர்த்தர் எனக்குச் செய்ததையும் சொல்வேன், செய்யாததையும் சொல்வேன். இரண்டுக்கும் ஸ்தோத்திரம்.

சின்ன வயதில் நான் ரொம்ப நாள் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது ரேடியோ விளம்பரம்தான் பேசினேன். பசித்தால் சோப்பு விளம்பரம், தூக்கம் வந்தால் பல்பொடி விளம்பரம். அம்மாவுக்கு மட்டும் எது எதற்கென்று தெரியும். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தார்கள். கையை உதறுவேன், கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி முனகுவேன், யாராவது மெதுவாகத் தொட்டால் கத்துவேன். மெதுவாகத் தொடுவதுதான் எனக்கு ஆகாது. அழுத்திப் பிடித்தால் சரியாக இருக்கும். இதைக் கண்டுபிடித்தது அப்பாதான். அவர் ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்குகிறவர். நான் ஒரு நாள் கத்திக்கொண்டிருந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல், பாதி மூட்டைக் காயைத் தூக்கி என் மடியில் வைத்திருக்கிறார். நான் கப்பென்று அடங்கிவிட்டேனாம். அன்றிலிருந்து எனக்குக் கோபமோ பயமோ வந்தால் அப்பா மூட்டையோடு வருவார்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா என்னை மதுரைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு டாக்டர் அம்மா என்னோடு ரொம்ப நேரம் இருந்தார். இது ஆட்டிசம், இவள் மூளை வேலை செய்கிற விதமே இதுதான், இதற்கு மாத்திரை இல்லை, வாழப் பழக வேண்டும், மற்றவர்களும் இவளோடு வாழப் பழக வேண்டும் என்றார். திரும்பி வரும்போது பஸ்சில் அப்பா கேட்டார்: "அந்தம்மா சொன்னது ஒனக்கு வெளங்குச்சாத்தா?"

"வெளங்குச்சு."

"எனக்கு ஒண்ணும் வெளங்கல. சரி விடு. பசிக்குதா?"

என்னைப் பற்றி என்னிடம் யாரும் அதுவரை இவ்வளவு நல்லபடியாகப் பேசியதில்லை. நான் பசிக்கிறது என்றேன். உசிலம்பட்டியில் இறங்கி இட்லி சாப்பிட்டோம்.

சபையில் மட்டும் அந்த டாக்டர் சொன்னது ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூப்பர்மார் என்னை முன்னால் நிறுத்தித் தலையில் கை வைப்பார்கள். ஒரு கை இல்லை, ஏழெட்டுக் கை. எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிப்பார்கள். எண்ணெய் நெற்றியில் வழியும். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும், நான் கத்துவேன். நான் கத்தக் கத்த, 'பாத்தீங்களா, ஆவி வெளிப்படுது' என்று இன்னும் உரக்க ஜெபிப்பார்கள். அவர்கள் கத்துவதால் நான் கத்துகிறேன், நான் கத்துவதால் அவர்கள் கத்துகிறார்கள். இதை யாராவது ஒருவர் நிறுத்த வேண்டும் அல்லவா? சின்னப் பிள்ளை நான் எப்படி நிறுத்துவேன்? அன்பினால்தான் செய்தார்கள். தெரியும். அன்பும் வலிக்கும் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

சரி, வேலைக்கு வருகிறேன். அம்மா போடியில் ஒரு ஷெட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறாள். என்னையும் அங்கே கூட்டிப்போனாள். தகரக் கூரை, வரிசையாக டியூப் லைட், பெரிய காற்றாடி, இரண்டு ரேடியோ, அத்தனை பெண்களின் பேச்சு. மத்தியானத்துக்குள் நான் மேஜைக்கு அடியில் போய்விட்டேன். அடுத்து ஒரு துணிக்கடையில் விட்டார்கள். அங்கே வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றார்கள். எதற்கு என்று கேட்டேன். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம்தான் மலை. அம்மாவோடு வேலை பார்க்கிற ஒருவர், "காய் எடுப்புக்கு விட்டுப் பாருங்களேன், அங்க செடிதான், மனுசங்க கம்மி" என்றார். போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட். ஏலச்செடியின் தூரில் உட்கார்ந்து, தரையோடு தரையாகப் போகிற சரத்திலிருந்து விளைந்த காயை மட்டும் பறிக்க வேண்டும். ஆளுக்கொரு செடி. மேலே மரநிழல். ரேடியோ கிடையாது. கேட்டதும் எனக்குத் தோன்றிவிட்டது, இந்த உலகத்தில் என்னால் செய்ய முடிகிற வேலை ஒன்று இருக்குமானால் அது இதுதான் என்று.

ஆனால் மலைக்குப் போக ஜீப்பில் ஏற வேண்டுமே! எஸ்டேட் ஜீப்பைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு நீளப் பலகை. அதில் பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தி பாதி உட்கார்ந்த மாதிரி அடைந்திருப்பார்கள். என்னை நடுவில் ஏற்றினார்கள். இந்தப் பக்கம் ஒரு தோள், அந்தப் பக்கம் ஒரு தோள், முழங்காலில் ஒரு தூக்குச்சட்டி, முகத்துக்கு நேரே யாரோ சூடியிருந்த மல்லிகைப்பூ. முந்தல் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன். வண்டி திரும்பும்போதெல்லாம் எல்லோரும் என் மேல் சாய்கிறார்கள். நான் அடக்கினேன். பல்லைக் கடித்தேன். ஒரு வளைவில் என்னால் முடியவில்லை. அலறிவிட்டேன். தலையை ஜீப்புக் கம்பியில் முட்டினேன்.

டிரைவர் கணேசன் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டார். பெண்கள் குதித்து இறங்கி ஓடினார்கள். "ஆத்தீ! இந்த வளவுலதான் போன வருசம் லாரி கவுந்துச்சு! அதுதான் இவ மேல எறங்கிருச்சு!" என்று ஒரு பெண் சத்தம் போட்டாள். அவ்வளவுதான். வண்டிக்கு முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அறுத்து என் தலையைச் சுற்றி எறிந்தார்கள். ஒருத்தி என் நெற்றியில் திருநீறு அப்பினாள். கணேசன் அண்ணன் கும்பிட்டுக்கொண்டே, "யம்மா, நீ எறங்கிரு. வண்டியில பதினஞ்சு உசுரு இருக்கு" என்றார். கீழே இறங்குகிற ஒரு வண்டியில் ஏற்றி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே அம்மா என்னைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். நெற்றியில் திருநீறைப் பார்த்ததும் மூப்பர்மாருக்குக் கோபம் வந்துவிட்டது. மறுபடியும் அதே கைகள், அதே எண்ணெய், அதே சத்தம். மலைக்காரர்களுக்கு நான் காத்துக்கருப்பு, சபைக்காரர்களுக்கு நான் பிசாசு. ஒரே நாளில் இரண்டு மதத்துக்காரர்களும் என் ஒருத்தி விஷயத்தில் ஒற்றுமையாகிவிட்டார்கள். என் வாய்க்கு நேரே வந்த ஒரு கையைக் கடித்துவிட்டேன். அவருக்கு வலித்திருக்கும். எனக்கும்தான் வலித்தது. பெரியப்பாவுக்கு அன்றே போன் போய்விட்டது. "கிறிஸ்துமசு வரைக்கும்லாம் எதுக்கு" என்று அவர் போனில் கத்தியது எனக்கு அடுப்படியில் கேட்டது. அம்மா கெஞ்சி, முதலில் சொன்ன கெடுவுக்கே அவரைச் சம்மதிக்க வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் அம்மா வேலைக்குப் போன பிறகு, கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. எனக்கு அது பிடிக்கும். நான் ஜெபித்தேன். கண்ணை மூடவில்லை, முழங்கால் போடவில்லை. ஆடிக்கொண்டேதான் ஜெபித்தேன். கோபமாகத்தான் ஜெபித்தேன். அழகான வார்த்தை ஒன்றும் எனக்கு வரவில்லை.

"ஆண்டவரே, நான் பொறந்ததுலருந்து எல்லாரும் என்னைய மாத்தச் சொல்லி உங்ககிட்ட கேக்குறாங்க. நீங்க மாத்தல. ஒண்ணு, உங்களுக்குக் காது கேக்கல. இல்லேன்னா, மாத்துறதுக்கு ஒண்ணும் இல்லேன்னு நீங்க நெனைக்கிறீங்க. உங்களுக்குக் காது கேக்கும்னு எனக்குத் தெரியும். அப்ப நானும் அதக் கேக்கல. என்னைய மாத்த வேணாம். இந்த மலைக்குப் போக எனக்கு ஒரு எடம் குடுங்க. ஓரமா. ஒரு பக்கம் மட்டும் ஆளு இருக்குற மாதிரி. அம்புட்டுத்தான். ஆமென்."

எனக்காக ஜெபித்தவர்களில் ஒருவரும் எனக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் நானே கேட்டேன். மனசு லேசாகியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பசித்தது. போய்ச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் விடியலில் நானாகவே ஜீப்பு நிற்கிற இடத்துக்குப் போனேன். அம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். கணேசன் அண்ணன் இரண்டு கையையும் விரித்து வழி மறித்தார். "வேணாம்மா, சொன்னாக் கேளு. வண்டிக்கு ஆகாது."

"எனக்கு ஓரத்துல எடம் வேணும். ஓரத்துல இருந்தா கத்த மாட்டேன். கத்துனாலும் கம்மியாக் கத்துவேன்" என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

கனகா என்ற பெண் சிரித்தாள். "ஓரமா? நாங்க எத்தன வருசமா ஏறுறோம், வந்ததும் வராததுமா இவளுக்கு ஓரம் வேணுமாம்ல!"

ஜீப்பின் பின்பக்கம் இரண்டே ஓரம்தான். வலது ஓரம் அந்தக் கனகாவுக்கு. ரொம்ப வருசத்து ஆள் என்பதால் அது அவள் இடம். இடது ஓரம் பேச்சியம்மாவுக்கு. சிலமலையிலிருந்து முதல் பஸ்சுக்குப் போடி வந்து ஜீப்பு ஏறுகிறவர். அவருக்கு ஓரம் கிடைத்தது வேறு காரணத்தால். மலை ஏறினால் அவருக்கு வாந்தி வரும். தினமும் வரும். எஸ்டேட் ஜீப்புகளில் இது எழுதாத சட்டம்: வாந்தி எடுக்கிறவர்களுக்கு ஓரம். யாரும் அதற்குக் காரணம் கேட்பதில்லை, சண்டை போடுவதில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, வாயில் ஒரு புளிப்பு மிட்டாய், முடிந்தது.

அந்தப் பேச்சியம்மா ஜீப்பில் இருந்தபடியே கேட்டார்: "ஏங் கணேசா, நான் கல்யாணம் முடிச்சு வந்த நாள்லருந்து இந்த மலையில வாந்தி எடுத்துக்கிட்டுத்தான் ஏறுறேன். எனக்கு எவளாச்சும் பேயி ஓட்டுனீங்களா?"

கணேசன் அண்ணன் முழித்தார். "வாந்தியும் இதுவும் ஒண்ணாக்கா?"

"வேற என்னாங்குற? எனக்கு ஒடம்பு ஒத்துக்கிறல, வாந்தி வருது. இந்தப் புள்ளைக்கு ஒடம்பு ஒத்துக்கிறல, சத்தம் வருது. எனக்குப் பையக் குடுத்து ஓரத்துல உக்கார வச்சீக. இவளுக்கு மட்டும் எலுமிச்சம்பழமா? ஏறுத்தா நீ. இங்கிட்டு வா, என் எடத்துல உக்காரு. வெரசா ஏறு, நேரமாகுது."

அவர் உள்ளே நகர்ந்துகொண்டார். நகர்ந்ததோடு விடவில்லை. தன் சாப்பாட்டு மூட்டையை எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்து, "இதுக்கு இங்கிட்டு எவளும் வரப்படாது" என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். ஒரு பக்கம் மூட்டை. மறு பக்கம் திறந்த வெளி, காற்று, பின்னால் போய்க்கொண்டே இருக்கிற ரோடு. சால்வையைக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். இல்லை, சிரித்தாலும் சரிதான். கர்த்தர் என் ஜெபத்துக்குப் பதில் கொடுத்தது ஒரு வாந்தி வழியாக. பேச்சியம்மா இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டார், ஆனால் வாந்தியைக் கொடுக்க முடியுமா? பாதி மலையில் அவருக்கு வந்துவிட்டது. பையை எடுப்பதற்குள் வண்டி வளைந்தது. அவர் வெளிப்பக்கம் எட்ட முடியாமல் எட்டியதில், மொத்தமும் எதிரே வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்த கனகாவின் மடியில்! புதுச் சேலை வேறு. கனகா போட்ட சத்தத்துக்கு முன்னால் நான் அன்றைக்குப் போட்ட சத்தமெல்லாம் ஒன்றுமே இல்லை. பேச்சியம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் என்னத்தா செய்ய, ஓரம் இல்லேன்னா இப்படித்தே" என்றார். ஜீப்பே சிரித்தது. அந்தக் கலவரத்தில் நான் கத்தாமலேயே போடிமெட்டு போய்ச் சேர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் கனகா தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். பேச்சியம்மாவுக்கு வலது ஓரம், எனக்கு இடது ஓரம். நான் கேட்ட இடம். கேட்டபடியே, ஒரு பக்கம் மட்டும் ஆள்.

அதற்கப்புறம் நான் கத்தவே இல்லை என்று எழுதினால் அது பொய் சாட்சி. கத்தினேன். ஹாரன்தான் காரணம். வளைவில் ஹாரன் அடிக்காமல் போக முடியாது, அது எனக்கும் தெரியும். பேச்சியம்மா கணேசன் அண்ணனிடம், "அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் குடுப்பா" என்றார். அவர் "சாராளு, ஹாரன்!" என்பார். நான் காதைப் பொத்துவேன். அப்புறம் அடிப்பார். கொஞ்ச நாளில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, "சாராளு, ஹாரன்!" என்று பாட ஆரம்பித்துவிட்டார்கள். கேலிதான். ஆனால் அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் அதில் ஒரு உபயோகம் இருந்தது.

வேலையைப் பற்றி ஒரு விஷயம். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஏதாவது அபூர்வத் திறமை இருக்குமாமே, உனக்கு என்ன திறமை என்று சிலர் ஆசையாகக் கேட்கிறார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. எல்லோரையும்விட அதிகமாகக் காய் எடுப்பவளும் இல்லை நான், குறைவாக எடுப்பவளும் இல்லை. நடுவில் இருக்கிறேன். எஸ்டேட் சூப்பர்வைசர் சேட்டன் வந்து என் கூடையைப் பார்த்து "மதி, மதி" என்றுவிட்டுப் போவார். மலையாளத்தில் அப்படியென்றால் போதுமாம். திறமை இருந்தால்தான் ஒருத்தி உயிரோடு இருக்கலாம் என்று யார் சொன்னது? செடியடியில் ஈரத்தில் உட்கார்ந்து முனகிக்கொண்டே காய் எடுப்பேன். சாரல் அடிக்கும். அங்கே நான் முனகுவது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அடுத்த செடியில் பேச்சியம்மாவும் மகனைத் திட்டி முனகிக்கொண்டுதான் இருப்பார்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்டியிருந்தோம். ஒரு நாள் விடியலில், நான் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில், வாசலில் வேன் வந்து நின்றது. பெரியப்பா இறங்கினார். கூடவே அந்த ஜெப வீட்டு ஆள் ஒருவர்.

"ஜீப்புல இன்னும் கத்துதாம்ல? ஊருக்கே தெரியுது. எனக்குத்தான் அசிங்கம்" என்றார் பெரியப்பா. "துணிமணிய எடுத்துவைம்மா."

"நான் வேலைக்குப் போறேன். நீங்கதான் சொன்னீங்க, ஒரு சோலியில நின்னாச் சரின்னு. நான் நின்னுட்டேன்" என்றேன்.

"நின்னா மட்டும் போதுமா? சொகமாகலையே. கத்துறது நிக்கலையே."

"சொகமாகணும்னு நீங்க சொல்லல. நின்னாச் சரின்னுதான் சொன்னீங்க. அப்பவும் கத்துனேன், இப்பவும் கத்துறேன். ஆனா வேலைக்குப் போறேன்."

அந்த ஜெப வீட்டு ஆள் என் கையைப் பிடித்தார். மெதுவாகத்தான் பிடித்தார். நான் அலறினேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பெரியப்பா அம்மாவைப் பார்த்து, "பாத்தியா? பாத்தியா?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். அம்மா இதுவரை பெரியப்பா முன்னால் உட்கார்ந்ததுகூட இல்லை. அவள் சரி என்று தலையை அசைத்தால் என் கதை முடிந்தது. ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன், வேறு ஜெபம் வரவில்லை.

அம்மா வந்து அந்த ஆளின் விரலை ஒவ்வொன்றாக என் கையிலிருந்து பிரித்தாள். அப்புறம் என் தோளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள், அப்பா மூட்டையை வைக்கிற அழுத்தம். நான் அடங்கினேன். அம்மா பெரியப்பா பக்கம் திரும்பினாள்.

"அத்தான், அவ வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் வருவா. இனிமே அவள எங்கயும் கூட்டிட்டுப் போற பேச்ச இந்த வீட்டுல எடுக்காதீக. கத்துனாக் கத்திட்டுப் போறா. அவ எம் பிள்ள. இட்லி ஊத்தியிருக்கேன், ரெண்டு பேரும் சாப்பிட்டுப் போங்க."

பெரியப்பா என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். நான் என் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினேன். ஜீப்பு எனக்காக நின்றுகொண்டிருந்தது. இடது ஓரம் காலியாக இருந்தது.

இதுதான் கர்த்தர் எனக்குச் செய்தது. அவர் என்னைச் சுகமாக்கவில்லை. சுகமாக வேண்டிய வியாதி எனக்கு இல்லை. நான் இன்றைக்கும் கையை உதறுகிறேன், முனகுகிறேன், முகம் பார்த்துப் பேச மாட்டேன். மாறியது அம்மா. மாறியது ஜீப்பு. பெரியப்பாகூட இப்போது 'இது' என்பதில்லை, 'சாராளு' என்கிறார். இதெல்லாம் அற்புதம் இல்லை என்று சொல்கிறவர்கள், ஏறி உட்கார்ந்துவிட்ட கனகாவை எழுப்பிப் பார்க்கட்டும்.

நம் மூப்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அந்தப் பேச்சியம்மா விசுவாசியா?" இல்லை. முந்தலில் ஜீப்பு நிற்கும்போது இறங்கிச் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார். நான் கர்த்தரிடம் கேட்டேன், கர்த்தர் அவரை அனுப்பினார். கையில் எண்ணெய் இல்லாமல், என் தலையைத் தொடாமல், உள்ளே நகர்ந்துகொள்ளத் தெரிந்த ஒருவரைத் தேடி அவர் சிலமலை வரைக்கும் போக வேண்டியிருந்தது. ஏன் அவ்வளவு தூரம் போனார் என்று நீங்களே யோசியுங்கள். நான் அதற்காகவும் அவரை ஸ்தோத்திரிக்கிறேன்.

உங்களில் யாருக்காவது எனக்கு வந்த மாதிரி நெருக்கடி வந்தால், அவரிடம் கேளுங்கள். அழகாகக் கேட்க வேண்டும் என்று இல்லை. கோபமாகக் கேட்கலாம், ஆடிக்கொண்டே கேட்கலாம். உங்களுக்காக மற்றவர்கள் கேட்பதையே நீங்களும் கேட்காதீர்கள். உங்களுக்கு என்ன வேண்டுமோ அதைக் கேளுங்கள். சின்ன விஷயம் என்று அவர் தள்ளுவதில்லை. ஒரு ஜீப்பில் ஒரு ஓரம் என்பது கர்த்தருக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம். எனக்கு அது உயிர். அவர் கொடுத்தார்.

நம் சபையில் கடைசி வரிசையில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன். பாட்டு ஆரம்பித்ததும் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். அவளுடைய அம்மா எல்லோரையும் பார்த்துக் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்பார். போன ஞாயிறு உங்களில் இரண்டு பேர் எண்ணெய்ப் புட்டியோடு அவளிடம் போனீர்கள். நான் எழுந்து வந்து நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டு, "தொடாதீங்க" என்றேன். கத்தித்தான் சொன்னேன். சாராளுக்கு மறுபடியும் வந்துவிட்டது என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

ஆமாம், வந்துவிட்டது. அடுத்த ஞாயிறும் வரும். அந்தப் பிள்ளைக்குக் கதவோரம் இடம் வேண்டும், ஸ்பீக்கரைக் குறைக்க வேண்டும். அவளுக்காக ஜெபியுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.